பின்னால் ஓர் ஆஸ்பத்திரி

உடம்பைக் காட்ட இடம் தேடும் பெண் முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை அல்ல, டாக்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான் என்று டிரைவரம்மாவின் நாத்தனார் சொன்னாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் எடுத்துக் காட்டுகிற வேலையில் இருந்தாள். வீட்டில் அவளுக்கு 'ஆலோசனை' என்று பட்டப்பெயர். காலில் முள் குத்தினால்கூட, முள் எடுப்பதில் சிறந்த பத்து இடங்களை போனில் படித்து முடித்த பிறகுதான் குனிவாள்.

டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நின்று இரண்டு வருஷம் ஆன தீட்டு அவளுக்குத் திரும்பி வந்திருந்தது. வந்தது போகவும் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினாள். இறங்கும்போது யாரும் பார்ப்பதற்குள் துண்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அக்காவின் நினைப்புதான். அக்காவுக்கும் இப்படித்தான் நின்றது திரும்பி வந்தது. "வெக்கமா இருக்குடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினாள். கடைசியில் டாக்டர்கள் பார்த்தபோது, பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

டிப்போவுக்கு எதிர்ச் சந்தில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். ஒரு அறை, ஒரு திரை, ஒரு கட்டில். போனால் பார்த்துவிடுவாள். டிரைவரம்மா அங்கே போகத்தான் செருப்பை மாட்டினாள்.

"அண்ணி, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று நாத்தனார் வாசலை மறித்தாள். "அந்தம்மா தனி ஆளு. நாளைக்கு ஒண்ணுன்னா பின்னாடி ஆஸ்பத்திரி இருக்கா? ஆஸ்பத்திரியோட இணைஞ்ச கிளினிக்கா பாத்துத்தான் போகணும். எல்லாத்துலயும் அதத்தான் போட்டிருக்கான்."

"எனக்கு முன்னாடி ஒரு டாக்டர் இருந்தா போதும்டி."

"முன்னாடி யார் வேணா இருக்கலாம். பின்னாடிதான் முக்கியம்."

கண்ணாடி வெட்டும் தொழிலில் இருந்த புருஷனைப் பார்த்தாள் டிரைவரம்மா. அவர் இரண்டு பெண்களுக்கு நடுவே வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒரே ஞானத்தில் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். டிரைவரம்மா செருப்பைக் கழற்றினாள்.

அந்தப் பெண்கள் நல மையம் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் நடுவே, மூன்றாவது மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிப் பாலம். வாசலில் ஆளுயர எழுத்தில் 'தேர்ந்தெடுப்பவர் நீங்கள்' என்று எழுதியிருந்தது. உள்ளே பீச் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் எதிர்கொண்டு வந்து, எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

"நான் உங்க தேர்வுத் துணைவர்" என்றாள்.

"எனக்கு ரத்தம் போகுதும்மா" என்றாள் டிரைவரம்மா.

"ரொம்ப சந்தோஷம். முதல்ல பாலத்தப் பாத்துடலாம்."

பாலத்தைப் பார்த்தார்கள். துணைவர் அதன் நீளம், கண்ணாடியின் கனம், திறந்து வைத்தவரின் பெருமை எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் ஒரு கதவு தெரிந்தது.

"இது வழியா அந்தப் பக்கம் போய் டாக்டரப் பாக்கலாமா?"

துணைவர் குழந்தையைப் பார்ப்பதுபோல் சிரித்தாள். "போகறதுக்கு இல்லம்மா இது. இணைப்புங்கறது ஒரு உணர்வு. இந்தப் பக்கம் நின்னாலே அந்தப் பக்கம் இருக்குன்னு ஒரு தைரியம் வருதில்ல? அதுக்குத்தான்."

டிரைவரம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. அவள் வாழ்க்கையில் எத்தனையோ பாலத்தின்மேல் வண்டி ஓட்டியிருக்கிறாள். எல்லாமே அந்தப் பக்கம் போகத்தான் கட்டியிருந்தன.

அடுத்து அவளை ஓர் உருண்டை அறையில் உட்கார வைத்தார்கள். அதற்குச் செவிமடுப்பு அறை என்று பெயர். தலையாட்டுவதில் பயிற்சி பெற்ற மூன்று பேர் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"சொல்லுங்கம்மா, உங்க உடம்பு என்ன கத சொல்லுது?"

"ரத்தம் போகுது."

"அப்ப, ரத்தம் போகுதுன்னு சொல்ல வர்றீங்க" என்றார் முதலாமவர்.

"ஆமா."

"போகுது, நிக்கல" என்றார் இரண்டாமவர்.

"நின்னா நான் ஏன் இங்க வர்றேன்?"

மூன்றாவதாக இருந்த பெண் எதுவும் சொல்லாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். டிரைவரம்மா அக்காவைப் பற்றிச் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, தன் கைக்குட்டையை அவளுக்குக் கொடுத்து, முதுகைத் தடவி, "எல்லாம் சரியாப் போயிடும்மா" என்று தேற்றி வைத்தாள். அதோடு நேரம் முடிந்தது.

"டாக்டர் எப்ப பாப்பாங்க?" என்று வெளியே வந்து கேட்டாள்.

"பாக்கறதெல்லாம் பழைய முறை" என்றாள் துணைவர். "பாத்தா பொம்பளைங்களுக்குச் சங்கடமா இருக்கும். எங்க கிட்ட வந்தவங்க ஒருத்தர்கூட சங்கடப்பட்டதே இல்ல."

டிரைவரம்மா அடுத்த முறை நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனாள். பொம்பளை சமாசாரம் என்றதும் கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல், "அது கிளினிக். எங்களோட இணைஞ்சது. அது வழியா வாங்க" என்றார். கிளினிக்குக்கு வந்தாள். பரிசோதனை என்றதும், "அது ஆஸ்பத்திரி. எங்களோட இணைஞ்சது. அங்கேர்ந்து கூப்பிடுவாங்க" என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே இரண்டு பூசாரிகள், சாமியை இருவருமே பார்த்ததில்லை.

இதற்கிடையில் ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் இருட்டியது. சாலையோரமாக வண்டியை ஒதுக்கி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். பின்னாலிருந்து ஒருவர், "என்னம்மா, வீட்ல தூக்கம் பத்தலயா?" என்று கேட்டார். விஷயம் டிப்போ மேற்பார்வையாளர் காதுக்குப் போனது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு வந்தால்தான் இனி வண்டி என்று அவர் சொல்லிவிட்டார். தப்புச் சொல்ல முடியாது. வண்டியில் அறுபது உயிர்.

அன்றைக்கு அவள் மையத்துக்குப் போய், கூடத்தின் நடுவில் நின்று, பேருந்தில் படிக்கட்டுப் பயணிகளை உள்ளே ஏறச் சொல்கிற அதே குரலில், "யாராவது ஒருத்தர் பாருங்கய்யா!" என்று கத்தினாள். எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போடுகிறவர்களை இயக்குநர் அம்மாவே நேரில் பார்ப்பார் என்பது அங்கே விதி.

இயக்குநர் அம்மா அவள் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். வழியெல்லாம் பேசினார்.

"நாங்க நோயப் பாக்கறதில்லம்மா, பெண்ணப் பாக்கறோம். பெண்ணையும் ஒரு உடம்பா பாக்கறதில்ல, ஒரு பயணமா பாக்கறோம்."

"நான் உடம்பத்தான் கொண்டாந்திருக்கேன்."

"அதுதான் உங்க தயக்கம்."

"நீங்க டாக்டர்தானே? நீங்களே ஒரு நிமிஷம் பாத்துடுங்களேன்."

இயக்குநர் அம்மா நின்றார். ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது.

"நான் டாக்டர்தான். நல்லாவும் பாப்பேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு டாக்டரால ஒரு நேரத்துல ஒரு பொம்பளையத்தான் பாக்க முடியும். ஒரு இயக்குநரா இருந்தா, ஒரே நேரத்துல எல்லாப் பொம்பளைங்களையும் பாக்காம இருக்க முடியும். சேவைன்னா பெருசா யோசிக்கணும் இல்லயா?"

பேசிக்கொண்டே ஓர் அறை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். வாசலில் குறுக்கே வெல்வெட் கயிறு. உள்ளே கட்டில், விளக்கு, தட்டில் பளபளக்கும் கருவிகள். கட்டிலின்மேல் பால் வெள்ளையில் ஒரு விரிப்பு, விளிம்பில் பெரிய ஆஸ்பத்திரியின் முத்திரையோடு.

"இதுதான் எங்க பரிசோதனை அறை" என்றார் இயக்குநர்.

டிரைவரம்மாவுக்குத் தாகத்தில் கிணற்றைக் கண்டதுபோல் இருந்தது. கயிற்றுக்கு அடியில் குனிந்தாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க!" இயக்குநர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தே விட்டார். "திறந்த நாள்லேர்ந்து அதுல ஒரு சுருக்கம் விழல தெரியுமா? மதிப்பீட்டுக் குழு வருது. சிறந்த மையம்னு விருது குடுக்கப் போறாங்க. நீங்க இந்த நேரத்துல போய்ப் படுத்தா எப்படி?"

"படுக்கறதுக்குத்தானே கட்டில்?"

"காட்டறதுக்கும்மா."

வீட்டுக்கு வந்து அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். ரத்தம் போவதற்காக அழவில்லை. அக்கா வெட்கப்பட்டுச் செத்தாள், நான் வெட்கத்தை விட்டுக் கூடத்தில் கத்தியும் சாகப்போகிறேன் என்று அழுதாள். கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் மட்டும், "அண்ணி, மதிப்பெண்ணுல அவங்கதான் முதல் இடம்" என்றாள்.

குழு வருகிற அன்று காலையில் போன் வந்தது. துணைவரின் குரலில் தேன் வழிந்தது.

"வாழ்த்துகள்! உங்களத் தேர்ந்தெடுத்திருக்கோம். வழக்கமா கட்டில்ல படுத்துக் காட்டறவங்களுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல. உடம்பு சரியில்லாதவங்கள வச்சு எப்படிக் காட்டறது?"

"டாக்டர் வருவாங்களா?"

"குழுவுல வர்றவங்களே மூணு டாக்டர். கட்டிலச் சுத்தித்தான் நிப்பாங்க."

உப்புக்குச் சப்பாணி வேலைதான் என்று டிரைவரம்மாவுக்குப் புரிந்தது. இருந்தாலும் மூன்று டாக்டர். அவளுக்கு ஒருவர் போதும். போனாள்.

பூப்போன்ற மேலங்கி ஒன்றை மாட்டி, வெல்வெட் கயிற்றை விலக்கி, நான்கு பேராகத் தூக்கி அவளை விரிப்பின்மேல் சுருக்கம் விழாமல் இறக்கினார்கள். சிரிக்க வேண்டும், அசையக் கூடாது, கதை சொல்லக் கூடாது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று டாக்டர்களும் வந்தார்கள். ஒருவர் திரைச்சீலையைத் தடவிப் பார்த்தார். ஒருவர் சோப்பை எடுத்து முகர்ந்தார். மூன்றாமவர் மட்டும் கட்டில் பக்கம் வந்து, "வசதியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"ரத்தம் போகுதுய்யா" என்றாள் டிரைவரம்மா.

"பாத்தீங்களா, என்ன நகைச்சுவை உணர்வு!" என்று இயக்குநர் குறுக்கே பாய்ந்தார். "எங்க கிட்ட வர்ற பெண்கள் எல்லாம் இப்படித்தான், மனசு அவ்வளவு லேசாயிடும்."

குழுவினர் சிரித்தார்கள். டிரைவரம்மா சிரிக்கவில்லை. அவளைக் கேட்கவென்று கட்டில் பக்கம் வந்த முதல் டாக்டர் அந்த மூன்றாமவர். கையை எட்டிப் பிடித்து, "எங்கக்கா இதுலதான் போனா" என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். அதற்குள், மெத்தையின் தரத்தைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள் என்றார்கள். எழுந்தாள்.

விரிப்பின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, சிவப்பு.

முதலில் அலறியது துணைவர். அடுத்து மணி அடித்தது. அந்த மையத்தில் அப்படி ஒரு மணி இருக்கிறது என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. விரிப்பு பெரிய ஆஸ்பத்திரியின் சொத்து. சொத்துக்குச் சேதம் என்றால் அவசர நிலை. பெண்ணுக்கு என்றால் பயணம். பாலத்தின் அந்த முனைக் கதவு படாரென்று திறந்தது. வெள்ளைக் கோட்டுகள் ஓடிவந்தன. அத்தனை டாக்டர்களை டிரைவரம்மா ஒன்றாகப் பார்த்ததே இல்லை. எல்லாரும் அவளைத் தாண்டி ஓடினார்கள். ஒருவர் அவளைத் தோளால் இடித்துவிட்டு, "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கம்மா, எமர்ஜென்சி" என்றார்.

கையுறை போட்டுக்கொண்டு விரிப்பை நான்கு மூலையிலும் பிடித்து, ஆடாமல் அசையாமல் தூக்கி, ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். "எவ்வளவு நேரமா இருக்கு?" "முன்னாடி இப்படி வந்திருக்கா?" "வீட்டு ஆளுங்க யாராவது?" என்று கேள்விகள் பறந்தன. டிரைவரம்மா மாதக்கணக்கில் காத்திருந்த கேள்விகள் அத்தனையும் ஒரு துணியைப் பார்த்துக் கேட்கப்பட்டன. ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். இங்கே ஆடைதான் முழுசு. சோப்பு முகர்ந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "என்ன வேகம்!" என்று மெய்சிலிர்த்தார்.

ஸ்ட்ரெச்சர் பாலத்தில் உருண்டது. யாரும் தடுக்காததால் டிரைவரம்மாவும் பின்னாலேயே நடந்தாள். அப்படித்தான் அவள் முதன்முதலாகப் பாலம் வழியாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

கறையை ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கறை எதனால் வந்தது என்று தெரிந்தால்தான் பழியை யார்மேல் போடுவது என்று முடிவு செய்ய முடியும். கம்ப்யூட்டரில் பெயர் கேட்டது, 'விரிப்பு' என்று அடித்தார்கள். பாலினம் கேட்டது, வந்த இடம் பெண்கள் மையம் என்பதால் பெண் என்று அடித்தார்கள். வயது தெரியவில்லை, விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. கம்ப்யூட்டரே ஏற்றுக்கொண்டதை அங்கே மனிதர்கள் யாரும் சந்தேகப்படுவதில்லை. முடிவு வந்தது. விரிப்புக்குக் கடுமையான ரத்தசோகை. கருப்பையில் சந்தேகத்துக்குரிய செல்கள் இருக்கலாம். உடனே படுக்கை ஒதுக்கிச் சேர்க்கவும்.

ஒரு நர்ஸ் தாழ்வாரத்தில் வந்து நின்று கேட்டாள். "பெட்ஷீட்டோட வந்தவங்க யாரு?"

டிரைவரம்மா இருபுறமும் பார்த்துவிட்டு எழுந்தாள். "நான்தான்."

"என்ன உறவு?"

டிரைவரம்மா யோசித்தாள். "ரத்த உறவும்மா."

"சரி, உள்ள வாங்க. கூட ஒருத்தர்தான் இருக்கலாம்."

வார்டில் ஜன்னலோரமாக விரிப்பைப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் சொட்டுமருந்துக் கம்பி நட்டார்கள். டிரைவரம்மாவுக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, விரிப்புக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் வார்டு டாக்டர் வந்தாள். சின்ன வயசு. கலைந்த தலை, கையில் இன்னும் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம். கட்டிலைப் பார்த்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூலில் இருந்தவளின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளைத்தாளாக வெளுத்திருந்தது.

"இது யாரோட ரத்தம்?"

"என்னுதும்மா."

டாக்டர் பொட்டலத்தை ஜன்னலில் வைத்தாள். விரிப்பைச் சுருட்டி ஸ்டூலில் போட்டாள். "ஏறிப் படுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் டிரைவரம்மா குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டாள். பார்த்தாள், அந்தப் பெண் உண்மையாகவே பார்த்தாள். வயிற்றில் கையை அழுத்தி, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து பார்த்தாள். டிரைவரம்மாவுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. அவளுக்கு இப்படி ஒரு பெட்ஷீட் வாய்க்காமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

"பேர மாத்தி எழுத வேணாமா டாக்டர்?"

"மாத்தினேன்னா பொம்பளைன்னு திரும்ப கிளினிக்குக்கே அனுப்பிடுவாங்க. ஆபரேஷன் முடியற வரைக்கும் பெட்ஷீட்டாவே இருங்க."

அப்படியே இருந்தாள். விரிப்பு என்று பெயர் எழுதிய பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனாள். உள்ளே வளர்ந்திருந்ததை எடுத்துவிட்டார்கள். இன்னும் பரவவில்லை, சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றாள் அந்த டாக்டர். சரியான நேரத்தில் வந்தது விரிப்பு என்பதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மையத்துக்கு விருது கிடைத்தது. அவசர நேரத்தில் காட்டிய அக்கறைக்காக என்று போட்டிருந்தார்களாம். இயக்குநர் அம்மா பூங்கொத்தோடு விசாரிக்க வந்தார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்து, "நல்லா பாத்துக்கறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, ஸ்டூலில் இருந்த விரிப்பின்மேல் பூங்கொத்தை வைத்தார். கண்கூடக் கலங்கியிருந்தது. சிகிச்சை முடியும்வரை நோயாளியைச் சலவைக்குப் போடக் கூடாது என்று உத்தரவு இருந்ததால், கறை அப்படியே இருந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று அழைத்துப் போக நாத்தனார் வந்தாள். துணிமணிகளை எடுத்துவைத்தாள். சொட்டுமருந்துக் கம்பியைத் தள்ளி வைத்தாள். வழக்கமாக ஓயாத வாய், அன்றைக்கு ஓய்ந்திருந்தது.

"என்னடி?" என்றாள் டிரைவரம்மா.

நாத்தனார் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "எனக்கும் கொஞ்ச நாளா வருது அண்ணி. நிக்க மாட்டேங்குது. உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. அதான் எல்லாத்தையும் படிச்சுக்கிட்டே இருந்தேன். எங்க போறதுன்னே தெரியல."

டிரைவரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை நாள் ஆலோசனை சொன்ன முகம், பயந்துபோன சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது. திட்டலாம் என்று வாயெடுத்தாள், மனசு வரவில்லை. ஸ்டூலில் கிடந்த விரிப்பை எடுத்தாள். ஆஸ்பத்திரி முத்திரை வெளியே தெரியும்படி மடித்து, நாத்தனாரின் பைக்குள் வைத்தாள்.

"முதல்ல டிப்போ சந்துல அந்தம்மா கிட்ட போ. பாத்துடுவாங்க. ஆபரேஷன்னு இங்க அனுப்பினாங்கன்னா, பொம்பளையா வராத. இத எடுத்துக்கிட்டு வா. இதுக்குத் துணைக்கு வந்தவன்னு சொல்லு. எல்லாக் கதவும் திறக்கும்."

நாத்தனார் பைக்குள் எட்டிப் பார்த்தாள். கறையைக் கண்டு மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணி, போறப்ப இத ஒரு தடவ தொவச்சு எடுத்துக்கவா?"

"தொவச்சுடாதடி" என்றாள் டிரைவரம்மா. "தொவச்சா, கொணமாயிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."